லாச்சிக்குள் தங்கிவிடும் எச்சரிக்கை

புகையிலை மற்றும் மதுசாரம் மீதான தேசிய அதிகாரசபையின் மதிப்புக்குரிய தலைவருக்கும் உறுப்பினர்களுக்கும்,

சிகரட் பெட்டியின் முன்பக்கத்திலும் பின்பக்கத்திலும் 80 சதவீதத்தை எச்சரிக்கைப் படத்துக்கு ஒதுக்கிய நாடு இலங்கை. அது இலகுவில் கிடைத்ததல்ல. 2012 இல் வந்த ஒழுங்குவிதி நீதிமன்றத்துக்குப் போனது. 2014 இல் மேன்முறையீட்டு நீதிமன்றம் அந்தப் பங்கை 50 முதல் 60 சதவீதம் என்று குறைத்தது. பிறகு பாராளுமன்றமே 2015 ஆம் ஆண்டின் 3 ஆம் இலக்கத் திருத்தச் சட்டத்தை நிறைவேற்றி 80 சதவீதத்தை மீட்டெடுத்தது. அந்த வருடம் ஜூன் மாதத்திலிருந்து புதிய பெட்டிகள் கடைகளுக்கு வந்தன. மட்டக்களப்பிலும் அம்பாறையிலும் பொதுச் சுகாதாரத்திலும் பற்சிகிச்சையிலும் அச்சு வடிவமைப்பிலும் வேலை செய்கிற நாங்கள் அந்த வெற்றியைப் பெரிதாக மதிக்கிறோம். அதனால்தான் எழுதுகிறோம். அந்தப் படம் எங்கள் பக்கத்தில் போய்ச் சேரவேண்டியவரின் கண்ணுக்குப் போய்ச் சேரவில்லை.

கல்முனை பஸ் நிலையத்தடிக் கடையிலும், வாழைச்சேனைத் துறைமுகத்துக்குப் போகிற வழியிலுள்ள பெட்டிக்கடையிலும், சம்மாந்துறை வயல்களில் அறுவடைக்கு வந்தவர்கள் தேநீர் குடிக்கிற கொட்டிலிலும் சிகரட் விற்கிற முறை ஒன்றுதான். வாங்குகிறவர் பெயரைச் சொல்லி ஒன்று கேட்பார். கடைக்காரர் லாச்சியைத் திறந்து, உடைத்து வைத்த பெட்டியிலிருந்து ஒரு குச்சியை உருவிக் கொடுப்பார். நூலில் தொங்குகிற லைற்றரால் பற்றவைத்துக்கொண்டு வாங்கியவர் போய்விடுவார். பெட்டி அந்த லாச்சியை விட்டு வெளியே வருவதே இல்லை. 20 குச்சிப் பெட்டியை 20 பேருக்கு உதிரியாக விற்றால், அழுகிய வாயின் படத்தை 20 தடவை பார்க்கிறவர் கடைக்காரர். அவருக்குப் புகைக்கிற பழக்கமே இல்லாமலும் இருக்கலாம். புகைக்கிற 20 பேரில் ஒருவர்கூட அதைப் பார்த்திருக்கமாட்டார்.

அப்படியானால் வாங்குகிறவர் எதைப் பார்க்கிறார்? குச்சியைப் பார்க்கிறார். வாய்ப்பக்கத் தாள் தக்கை நிறமா வெள்ளையா, அதில் பொன் வளையம் ஓடுகிறதா, குச்சி மெல்லியதா தடித்ததா, வடிகட்டிக்குள் நசுக்கினால் குளிர்ச்சி தரும் உருண்டை இருக்கிறதா என்பவை அவர் கண்ணில் படுகின்றன. பெயர் காதில் விழுகிறது. இவை எல்லாமே ஆபத்தைப் பற்றி ஏதோ ஒன்றைச் சொல்கின்றன, சொல்வது பொய். வெள்ளை நுனி ‘சுத்தம்’ என்கிறது, மெல்லிய குச்சி ‘கொஞ்சம்தான்’ என்கிறது, பச்சையும் குளிர்ச்சியும் ‘தொண்டைக்கு இதம்’ என்கின்றன. “இது லைற், அவ்வளவு செய்யாது” என்ற பேச்சு எங்கள் ஊர்களில் இன்றும் கேட்கிறது. அந்தச் சொல்லைப் பெட்டியில் அச்சிட்டால்தான் அந்த எண்ணம் வரும் என்று நினைப்பது பிழை.

நிறம் எப்படிப் பேசுகிறது என்பது விளங்காத காரியமல்ல. ஆடை நீக்கிய பால்மா பெரும்பாலும் வெளிர் நிறப் பொதியில்தான் வரும். கடும் சாயத் தேயிலை கடும் சிவப்பிலோ கபிலத்திலோ வரும். வெளிர் நிறம் என்றால் குறைவு, கடும் நிறம் என்றால் கூடுதல் என்று சிறுவயதிலிருந்தே கண் பழகியிருக்கிறது. லூயிஸ் செஸ்கின் என்ற அமெரிக்கச் சந்தை ஆய்வாளர் கடந்த நூற்றாண்டின் நடுப்பகுதியிலேயே இதை விளக்கினார்: பொதியைப் பார்த்து எழும் உணர்வை, அதற்குள் இருக்கும் பொருளின் குணமாகவே மனிதர் எடுத்துக்கொள்கிறார்கள். ஒரே சிகரட்டைச் சிவப்புப் பெட்டியிலும் வெள்ளைப் பெட்டியிலும் கொடுத்தால், வெள்ளையில் வந்தது ‘மென்மை’ என்று சொல்லப்படுவது இதனால்தான்.

‘லைற்’, ‘மைல்ட்’ போன்ற சொற்கள் மக்களை ஏமாற்றுகின்றன என்பதை உலகம் ஏற்றுக்கொண்டு இருபது வருடத்துக்கு மேலாகிறது. இலங்கை 2003 இல் ஏற்புறுதி செய்த, உலக சுகாதார அமைப்பின் புகையிலைக் கட்டுப்பாட்டுச் சமவாயத்தின் 11 ஆம் உறுப்புரை, குறைந்த தீங்கு என்ற பொய்யெண்ணத்தைத் தரும் சொல், பெயர், குறியீடு எல்லாவற்றையும் தடுக்கச் சொல்கிறது. ஐரோப்பிய ஒன்றியம் 2003 இல் அந்தச் சொற்களை நிறுத்தியது, அமெரிக்கா 2010 ஜூன் மாதத்தில் நிறுத்தியது. நடந்தது என்ன? சொல் போனது, நிறம் நின்றது. அதுவரை ‘லைற்’ என்று விற்றவை ‘கோல்ட்’, ‘சில்வர்’, ‘புளூ’ என்ற பெயர்களோடு அதே பெட்டியில் வந்தன. புகைக்கிறவர்களுக்குத் தங்கள் பழைய வகையைக் கண்டுபிடிக்கச் சிரமமே இருக்கவில்லை. சொல்லை மட்டும் தடுக்கிற சட்டத்தை நிறம் இலகுவாகத் தாண்டிவிடுகிறது. எங்கள் பெட்டியில் எச்சரிக்கைக்கு வெளியே இருக்கிற இடமும், குச்சியும், உள்தாளும் இன்னும் அந்த நிறத்துக்குத் திறந்தே கிடக்கின்றன.

‘லைற்’ என்பது ஏன் பொய் என்பதையும் நுட்பமாகச் சொல்லவேண்டும். ஏனென்றால் அந்தப் பொய்யை எங்கள் சட்டமே அறியாமல் தாங்கி நிற்கிறது.

குச்சியின் வடிகட்டியைச் சுற்றியுள்ள தாளை மெதுவாகப் பிரித்து வெயிலுக்கு எதிரே பிடித்துப் பாருங்கள். பல வகைகளில், வாய் வைக்கும் நுனியிலிருந்து ஏறத்தாழ ஒரு சென்ரிமீற்றருக்குச் சற்று அப்பால், ஊசிமுனையளவு துளைகள் வரிசையாகத் தெரியும். இழுக்கும்போது இந்தத் துளைகளால் வெளிக்காற்று உள்ளே வந்து புகையை ஐதாக்குகிறது. துளை கூடக்கூட அந்தச் சிகரட் ‘மென்மை’ ஆகிறது. சோதனைச்சாலை இயந்திரம் பழைய சர்வதேச முறைப்படி ஒரு நிமிடத்துக்கு ஒரு தடவை, 2 செக்கனில், 35 மில்லிலீற்றர் புகையை இழுக்கும். துளைகள் திறந்தே இருக்கும். எனவே தார் குறைவு என்று எண் வரும். மனிதர் அப்படி இழுப்பதில்லை. அவருடைய விரலோ உதடோ துளைகளில் பாதியை மூடிவிடும். நிக்கொட்டின் போதவில்லை என்று உடம்பு கேட்டால், அவர் தன்னை அறியாமலே ஆழமாக இழுப்பார், அடிக்கடி இழுப்பார், நுனிவரை இழுப்பார். துளைகளை முழுக்க மூடி, அரை நிமிடத்துக்கு ஒரு தடவை 55 மில்லிலீற்றர் இழுக்கிற கனேடியச் சோதனை முறையில் அளந்தால், ‘மென்மை’க்கும் ‘கடுமை’க்கும் இடையிலிருந்த இடைவெளி பெருமளவு சுருங்கிவிடுகிறது. அமெரிக்கத் தேசிய புற்றுநோய் நிறுவனம் 2001 இல் இந்த ஆய்வுகளைத் தொகுத்து, குறைந்த தார் சிகரட்டுக்கு மாறியதால் நோய் குறைந்ததற்குச் சான்று இல்லை என்று சொன்னது. 2014 இல் அமெரிக்க அரசின் தலைமைப் பொதுச் சுகாதார அதிகாரியான சேர்ஜன் ஜெனரலின் அறிக்கை இன்னும் ஒருபடி மேலே போனது. ஆழமாக இழுக்கப்படும் இந்தப் புகை நுரையீரலின் வெளியோரத்தில் உண்டாகும் ஒருவகைப் புற்றுநோய் பெருகுவதற்குக் காரணமாக இருக்கலாம் என்றது அது.

இப்போது உங்கள் அதிகாரசபையை நிறுவிய 2006 ஆம் ஆண்டின் 27 ஆம் இலக்கச் சட்டத்தின் 34 ஆம் பிரிவுக்கு வருவோம். பெட்டியில் தார், நிக்கொட்டின் அளவைக் காட்டவேண்டும் என்று அந்தப் பிரிவு கட்டளையிடுகிறது. எழுதியவர்களின் நோக்கம் நல்லது: வாங்குகிறவருக்கு உண்மை தெரியவேண்டும். ஆனால் அந்த எண் இயந்திரம் இழுத்த எண், மனிதர் இழுத்த எண்ணல்ல. ஒன்றில் 12, இன்னொன்றில் 6 என்று கண்டால், படித்தவர்தான் முதலில் ஏமாறுவார். இரண்டாவது பாதி ஆபத்து என்று அவர் கணக்குப் போடுவார். சமவாயத்தின் 11 ஆம் உறுப்புரைக்கான வழிகாட்டல்கள் இந்த எண்களைப் பெட்டியில் போடவே கூடாது என்று சொல்கின்றன. ஐரோப்பிய ஒன்றியம் 2016 இலிருந்து அவற்றை எடுத்துவிட்டது. அதிகாரசபை திருத்தச் சட்டம் எதையாவது அமைச்சுக்கு அனுப்புமானால், எங்கள் முதல் வேண்டுகோள் இதுதான்: 34 ஆம் பிரிவிலிருந்து அந்த எண்களை நீக்குங்கள். அதற்குப் பதிலாக, புகையில் என்ன நஞ்சு இருக்கிறது, அது உடம்பில் எங்கே போய் என்ன செய்கிறது என்று எண் இல்லாத வாக்கியம் ஒன்றைப் போடுங்கள். அளவுகளைக் கம்பனி உங்களிடம் சமர்ப்பிக்கட்டும், பெட்டியில் வேண்டாம்.

உதிரியாக வாங்குகிறவரிடம் இன்னொரு நம்பிக்கையும் உண்டு: “நாளைக்கு ஒன்றோ இரண்டோதானே.” பெட்டியிலுள்ள படம் எதுவும் இவருக்குப் பதில் சொல்வதில்லை, அது நாளைக்கு ஒரு பெட்டி இழுக்கிறவருக்கு என்று இவர் எண்ணிக்கொள்வார். 2018 இல் பிரித்தானிய மருத்துவச் சஞ்சிகையில் வெளிவந்த ஆய்வு, நூற்றுக்கு மேற்பட்ட நீண்டகால ஆய்வுகளைச் சேர்த்துக் கணக்கிட்டது. நாளைக்கு ஒரு சிகரட் இழுக்கிறவருக்கு மாரடைப்பு நோயால் வரும் மேலதிக ஆபத்து, நாளைக்கு 20 இழுக்கிறவருக்கு வருவதில் ஏறத்தாழ பாதி. இருபதில் ஒரு பங்கல்ல, பாதி. இலங்கைக்காக அடுத்து வரைகிற எச்சரிக்கைத் தொகுதியில் ஒன்றாவது இதைச் சொல்லவேண்டும். எங்கள் பக்கத்துப் பழக்கத்துக்கு இதைவிடப் பொருத்தமான செய்தி இல்லை என்பது எங்கள் முடிவு.

வெற்றுப்பொதி, அதாவது கம்பனியின் சின்னமும் சொந்த நிறமும் இல்லாத ஒரே மாதிரிப் பெட்டி, பற்றி நாட்டில் பல வருடங்களாகப் பேசப்படுகிறது. பேச்சு விதியாகும் நாளில், அவுஸ்திரேலியா செய்ததையும் விட்டதையும் சேர்த்துப் பார்க்கவேண்டும். 2012 டிசம்பர் 1 இலிருந்து அங்கே எல்லாப் பெட்டியும் ஒரே மங்கிய கடுங்கபில நிறம். அச்சகங்கள் நிறத்தை இலக்கமிட்டுக் குறிக்கும் பன்ரோன் நிற அட்டையில் அது 448 சி. மினுக்கம் இல்லை, புடைப்பு அச்சு இல்லை, வளைந்த மூலை இல்லை. பெயர் லூசிடா சான்ஸ் எழுத்தில், வணிகப் பெயர் 14 புள்ளிக்கும் வகைப் பெயர் 10 புள்ளிக்கும் மேற்படாமல், வெளிர் சாம்பல் நிறத்தில் இருக்கவேண்டும். இப்படி ஒவ்வொன்றும் அளவோடு எழுதப்பட்டதால் வழக்காடியபோதும் விதி நின்றது. அந்நாட்டு உயர் நீதிமன்றத்தில் 2012 இலும், உலக வர்த்தக அமைப்பில் 2020 இல் முடிந்த மேன்முறையீட்டிலும் அது வென்றது. உள்ளே அதே புகையிலை இருந்தும், புதிய பெட்டியிலிருந்து எடுத்துப் புகைத்தவர்கள் தரம் குறைந்துவிட்டது என்றார்கள். சுவையாக எண்ணியதில் எவ்வளவு பங்கு அச்சு மையில் இருந்தது என்பது அதில் வெளிப்பட்டது. நியூ சவுத் வேல்ஸில் கைவிட உதவும் தொலைபேசிக்கு வந்த அழைப்புகள் 78 சதவீதம் கூடின. 2016 இல் அரசு செய்த மீளாய்வு, முதல் மூன்று வருடத்துக்குள் புகைப்போர் வீதம் 0.55 சதவீதப் புள்ளி குறைந்ததற்குப் பொதி மாற்றமே காரணம் என்று கணித்தது. சிறிய எண்ணாகத் தெரியலாம். ஒரு நாட்டின் வளர்ந்தோர் தொகையோடு பெருக்கினால் அது ஒரு இலட்சம் பேரைத் தாண்டுகிறது.

விட்டது என்ன? வகைப் பெயரை விட்டார்கள். நிறத்தை இழந்த கம்பனிகள் பெயருக்குள்ளேயே நிறத்தை எழுதின: ‘புளூ’, ‘கோல்ட்’, ‘ஸ்மூத்’ என்று பெயர் நீண்டது. வடிகட்டிக்குள் புதுமைகளைச் செருகினார்கள். பெட்டியை மூடிவைக்க அட்டை உறைகளும் ஒட்டுத்தாள்களும் விற்பனைக்கு வந்தன. இந்த ஓட்டைகளை அடைக்க 2023 இல் இன்னொரு சட்டம் தேவைப்பட்டது. எங்கள் விதியை எழுதும்போதே குச்சியின் நிறம், நீளம், தடிப்பு, வடிகட்டி, வகைப் பெயர், உறை எல்லாவற்றையும் ஒரே வர்த்தமானியில் அடக்கினால் அந்தப் பதினொரு வருடம் எங்களுக்கு மிச்சம். தாய்லாந்து 2019 இலும் சிங்கப்பூர் 2020 இலும் வெற்றுப்பொதிக்கு வந்துவிட்டன, ஆசிய நாடொன்றால் முடியாது என்று இனிச் சொல்லமுடியாது.

ஆனாலும் வெற்றுப்பொதி லாச்சிக்குள்ளேயே கிடந்தால் பயன் பாதிதான். ஆகவே குச்சியிலேயே எச்சரிக்கை வேண்டும். கனடா 2023 ஓகஸ்ட் மாதம் நடைமுறைக்கு வந்த விதியால் இதைத் தொடங்கியது. ‘ஒவ்வொரு இழுவையிலும் நஞ்சு’ என்ற பொருளில் அங்கே குச்சி ஒவ்வொன்றிலும் அச்சிடப்படுகிறது. இலங்கைக்கு இதைக் கொண்டுவரும்போது எழுத்து வேலை சிக்கலானது, அதை இப்போதே சொல்லிவைக்கிறோம். சாதாரண நீளக் குச்சி ஏறத்தாழ 84 மில்லிமீற்றர் நீளம், சுற்றளவு 25 மில்லிமீற்றர். எரிகிற தாளில் எழுதினால் நாலு இழுவையில் எழுத்துப் போய்விடும், ஆகவே வடிகட்டியைச் சுற்றிய தாளில்தான் எழுதவேண்டும். அந்தத் தாளின் நீளம் 30 மில்லிமீற்றர் அளவில் இருக்கும். சுற்றளவை மூன்று மொழிக்குப் பிரித்தால் ஒரு மொழிக்கு 8 மில்லிமீற்றர் அகலக் கீற்று கிடைக்கிறது. தமிழில் கொம்பும் காலும் சேர்ந்த எழுத்து இரண்டு, மூன்று எழுத்தின் இடத்தைப் பிடிக்கும். 2.5 மில்லிமீற்றர் உயரத்தில் ஒரு வரிக்கு எட்டுப் பத்து எழுத்துக்கு மேல் போகாது. ஆங்கில வாக்கியத்தை அப்படியே மொழிபெயர்த்தால் எழுத்தை எறும்பாகச் சுருக்கவேண்டி வரும். ‘இழுவையில் நஞ்சு’, ‘புகை கொல்லும்’ போல முதலிலேயே தமிழில் யோசித்த இரண்டு சொல் போதும். எழுத்து குச்சியின் நீளவாட்டில் ஓடவேண்டும். சுற்றிவர எழுதினால் குச்சியை உருட்டினால்தான் வாசிக்கமுடியும், யாரும் உருட்டமாட்டார்கள்.

பெட்டியிலுள்ள தமிழுக்கும் இதே கவனம் தேவை. கறுப்புப் பின்னணியில் வெள்ளையாக வரும் மெல்லிய எழுத்தில், மை பரவினால் ‘ன’வும் ‘ண’வும் ஒன்றாகிவிடும், புள்ளி அடைபட்டுவிடும். தடித்த எழுத்து, கூடுதல் வரியிடைவெளி, ஒரு கை நீளத்தில் மங்கிய மின்குமிழ் வெளிச்சத்தில் வாசிக்கமுடிகிறதா என்ற சோதனை ஆகிய மூன்றும் அச்சுக்கு முன் கட்டாயமாக்கப்படவேண்டும். ‘பக்கவாதம்’ என்று போடுவதா ‘பாரிசவாதம்’ என்று போடுவதா என்பதை எழுதுமேசையில் தீர்மானிக்கவேண்டாம். எங்கள் ஊர்களில் ‘பாரிசவாதம்’ என்றால் பேரனுக்கும் தெரியும், பாட்டனுக்கும் தெரியும்.

படங்களும் பழகிப்போகும். எவ்வளவு கோரமான படமானாலும் மாதக்கணக்கில் பார்த்தால் கண் அதைத் தாண்டிப் போய்விடும், சமவாயம் படங்களைச் சுழற்றி மாற்றச் சொல்வதற்குக் காரணம் இதுதான். இன்னொன்றும் உண்டு. பயமூட்டிவிட்டு வழி காட்டாத படத்தை மனம் தள்ளிவிடும்: பெட்டியைக் கவிழ்த்து வைப்பார், படத்தைப் பார்த்துச் சிரிப்பார், “எங்கட அப்பப்பா எண்பது வயசு வரைக்கும் இழுத்தார்” என்பார். பயத்துக்குப் பக்கத்திலேயே செய்யக்கூடிய ஒரு காரியம் எழுதப்பட்டிருந்தால் அந்தத் தள்ளல் குறைகிறது. புகைத்தலைக் கைவிட உதவும் உங்கள் 1948 தொலைபேசி இலக்கம் எல்லாப் பெட்டியிலும் ஒரே இடத்தில், விரல்நுனி அளவுக்குக் குறையாமல் இருக்கட்டும். அதன் கீழே ‘தமிழில் பேசலாம்’ என்று தமிழில் எழுதுங்கள். தமிழில் பதில் கிடைக்காது என்ற எண்ணத்தில் அரசாங்க இலக்கத்தை அழைக்கவே அழைக்காத ஆட்கள் இங்கே நிறையப் பேர். அப்படி எழுதினால், அழைப்பு வரும்போது தமிழில் பதில் சொல்ல ஆள் இருந்தே ஆகவேண்டும்.

உதிரி விற்பனைக்கு வருகிறோம். சமவாயத்தின் 16 ஆம் உறுப்புரை குச்சியாகவும் சிறு பொதியாகவும் விற்பதைத் தடுக்க முயலுமாறு நாடுகளைக் கேட்கிறது. இது பற்றியும் நாட்டில் பல தடவை பேசியாயிற்று. தடை வரும்போது வரிசை பிழைத்தால் காரியம் கெடும். உதிரியை மட்டும் தடுத்து, பெட்டியின் குறைந்த எண்ணிக்கையை விட்டுவைத்தால், மறுமாதமே ஐந்து குச்சிப் பெட்டி வரும், அதன் சிறிய முகத்தில் படமும் சிறுத்துவிடும். ஆகவே ஒரு பெட்டிக்கு 20 குச்சிக்குக் குறையக்கூடாது என்ற விதி முதல் நாளிலேயே தடையோடு சேர்ந்து வரவேண்டும். அடுத்து, கையிருப்பைத் தீர்க்கக் கடைக்காரருக்கு மூன்று மாதமாவது கொடுங்கள். உதிரிச் சிகரட்டில் கிடைக்கிற சில்லறை இலாபத்தில் அன்றாடப் பாலும் பாணும் வாங்குகிற பெட்டிக்கடைக்காரர் திருக்கோவிலிலும் இருக்கிறார், ஓட்டமாவடியிலும் இருக்கிறார். அவரைக் குற்றவாளியாக்கித் தொடங்கினால் பொதுச் சுகாதாரப் பரிசோதகரால் அந்தத் தெருவில் வேலை செய்யமுடியாது. முதல் வருகையில் விளக்கமும் துண்டுப்பிரசுரமும், இரண்டாவதில் எழுத்துமூல எச்சரிக்கை, அதற்குப் பிறகு வழக்கு என்று படிமுறையைச் சுற்றறிக்கையிலேயே எழுதிவிடுங்கள். கம்பனியின் விநியோக முகவருக்கும் அதே சுற்றறிக்கையில் பொறுப்பு எழுதப்படவேண்டும்.

வெற்றுப்பொதி வந்தால் கள்ளச் சிகரட் பெருகும் என்ற வாதம் உங்கள் மேசைக்கு வராமல் இருக்காது. கள்ளப் பெட்டி அச்சிடுகிறவருக்குப் பல நிறப் படமும் மூன்று மொழி எழுத்தும் கொண்ட 80 சதவீத எச்சரிக்கைதான் கடினமான பகுதி, ஒரு சின்னம் அல்ல. அதோடு, எல்லாப் பெட்டியும் கபிலமாக இருக்கும் அலுமாரியில் வெளிநாட்டிலிருந்து கடத்திவந்த மினுங்கும் பெட்டி தூரத்திலிருந்தே தெரியும். இன்றைக்கு அது மற்றப் பெட்டிகளுக்குள் ஒளிந்துகொள்கிறது.

பீடியைச் சேர்க்காமல் இவை எதுவும் முழுமையாகாது. இலையில் சுற்றியதால் பீடி ‘இயற்கை’ என்ற எண்ணம் வயல் வேலைக்காரர் நடுவில் ஆழமாக இருக்கிறது. இலை இலகுவில் அணைந்துவிடுவதால் பீடியை விடாமல் இழுக்கவேண்டும், அதனால் தாரும் காபனோரொட்சைட்டும் சிகரட்டைவிடக் கூடுதலாகவே உள்ளே போகின்றன. பீடிக் கட்டைச் சுற்றும் தாளுக்கும் சிகரட் பெட்டிக்குரிய அதே பட விதி, அதே நிற விதி வேண்டும்.

புதிய எச்சரிக்கைகளையும் குச்சி வாசகங்களையும் வர்த்தமானிக்கு அனுப்புமுன் தமிழ் வடிவத்தை எங்களிடம் அனுப்பித் தாருங்கள். வாழைச்சேனையில் மீன்பிடிக்குப் போகிறவர்களிடமும், சம்மாந்துறையில் அறுவடைக்காரரிடமும், கல்முனையில் பஸ் ஓட்டுநர்களிடமும், படுவான்கரையில் பீடி இழுக்கிறவர்களிடமும் காட்டி, எதை வாசித்தார்கள், எதைத் தவறாக விளங்கினார்கள், எந்த வகையை ‘மென்மை’ என்று சொன்னார்கள் என்பதை எழுதி ஆறு வாரத்துக்குள் திருப்பித் தருகிறோம். அந்த வேலைக்கு நாங்கள் பணம் கேட்கவில்லை.

இப்படிக்கு,
மட்டக்களப்பு, அம்பாறை மாவட்டங்களில் பொதுச் சுகாதாரம், பற்சிகிச்சை, அச்சு வடிவமைப்பு ஆகிய துறைகளில் பணிபுரிவோர்